மலை மணிப்பூவா, மேட்டாங்காட்டு விஷ்ணுகிரந்தியா?

வீடு கட்டி மீந்த கருங்கல் ஒரு குவியல், சுற்றுச்சுவருக்கும் வாசலுக்கும் நடுவே புல்கூட ஒழுங்காகப் பிடிக்காத சரளை நிலம், ஆழ்குழாயில் வந்தும் வராமலும் ஏறும் உப்புத் தண்ணீர். பல்லடம், காங்கேயம், பெருந்துறை வட்டாரத்தில் பூச்செடி வைக்க ஆசைப்படுகிற பலருக்கும் கையிருப்பு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு புல்தரை போடுவது தண்டச் செலவு. பாறைத் தோட்டம் போடுவது நல்ல யோசனை. கல்லிடுக்கில் எதை வைப்பது என்று வரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

கைப்பேசியில் பாறைத் தோட்டப் படங்களைத் தேடினால் காம்பானுலா என்னும் மணிப்பூச் செடிதான் முன்னால் வந்து நிற்கும். சாண் உயரம்கூட இல்லாத செடி, சுண்ணாம்புப் பாறை வெடிப்பை நிரப்பிக்கொண்டு இலை தெரியாமல் பூத்திருக்கும். நீலமும் ஊதாவும் கலந்த அந்த நிறத்தைப் பார்த்தபின் மனம் வேறு எதிலும் ஒட்டாது. விதை உறையில் ‘வறட்சி தாங்கும்’, ‘பாறைத் தோட்டத்துக்கு ஏற்றது’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் விற்கும் உறையில் உள்ள அதே வாசகம்தான் ஈரோட்டுக்கு வரும் உறையிலும் இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் இருப்பவர்கள் காம்பானுலாவை நிரந்தரச் செடியாக வைக்க வேண்டாம். கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ மண் இருப்பவர்கள் வைக்கலாம், அதிலும் வகை பார்த்து. கீழே இருப்பவர்களுக்கு நம் மேட்டாங்காட்டு விஷ்ணுகிரந்தி, நர்சரியில் கிடைக்கும் ஈவால்வுலஸ், குழந்தைகள் பட்டாசுக்காய் என்று பறித்து விளையாடும் ருவேலியா என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே தரமல்ல. இடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி மாறும்.

காம்பானுலாவில் நானூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பாறைத் தோட்டத்துக்கென்று பேசப்படும் குட்டை வகைகள் சில மட்டுமே. குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரைப் பாறைகளில் வளரும் போர்டன்ஷ்லாகியானா, இத்தாலியின் கார்கானோ மலைமுனையைச் சேர்ந்த கார்கானிகா, ஆல்ப்ஸ் மலையின் கோக்லியாரிஃபோலியா, கார்பேத்திய மலைத்தொடரின் கார்பாட்டிகா ஆகியவை முக்கியமானவை. இவற்றில் விதையாகச் சுலபமாகக் கிடைப்பது கார்பாட்டிகா. காண்டர்பரி பெல்ஸ் என்ற பெயரில் கிடைப்பதும் காம்பானுலாதான். ஆனால் அது இரண்டு மூன்று அடி வளர்ந்து, ஒருமுறை பூத்துச் சாகும் ஈராண்டுச் செடி, கல்லிடுக்குக்கு ஆகாது. படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

முதலில் ஒரு வீண்பழியைத் துடைத்துவிடலாம். மலைச்செடி இங்கே செத்தால் உடனே எல்லோரும் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைக் குற்றம் சொல்கிறார்கள். காம்பானுலாவைப் பொறுத்தவரை அது தவறு. மேலே சொன்ன குட்டை வகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில் பிறந்தவை. மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்பு மண் அவற்றுக்குப் பகை இல்லை. காரத் தன்மையுள்ள மண்ணை அவை விரும்பவே செய்யும். ரோடோடெண்ட்ரான், கமேலியா போன்ற அமில மண் செடிகளுக்குத்தான் அந்தக் கவலை. நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் கெடுதல் செய்வது உப்பு. ஆயிரம் அடி தோண்டி எடுக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டிருந்தால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். கல்லின் அடியோரத்தில் வெள்ளைப் படலம் படியும், இலை விளிம்பு கருகும். இது காம்பானுலாவுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல, எந்தச் செடிக்கும் வரும். அன்றாடம் ஒரு குவளை தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை உப்பு கீழே இறங்கும்படி நன்றாக நனைத்துவிடுவது மேல். மழைநீர்த் தொட்டி இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை.

சரி, சுண்ணாம்பு இல்லை என்றால் எது கொல்கிறது? வறட்சி கொல்லவில்லை, வெப்பம் கொல்கிறது. உறையில் எழுதியிருக்கும் வறட்சி வேறு, நம்முடைய வறட்சி வேறு. மத்தியதரைக்கடல் ஓரத்திலும் கோடையில் மழை இல்லை, வெயிலும் கடுமைதான். ஆனால் அது இரண்டு மூன்று மாதம். அந்தக் காலத்தில் செடி முடங்கிக் கிடக்கும். வேர் பாறை வெடிப்புக்குள் நெடுந்தூரம் இறங்கி, குளுமையான ஈரத்தைத் தேடிக்கொள்ளும். பிறகு மழையோடு குளிர்காலம் வரும், செடி தேறிவிடும். கோயம்புத்தூரில் மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பம் 18 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறது. கரூர், ஈரோட்டில் சித்திரை இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தை, சூடான இரவில் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது. வரவைவிடச் செலவு மிஞ்சினால் எவ்வளவு தண்ணீர் விட்டும் பயனில்லை. இலை சிறுத்து, மஞ்சளித்து, நடுவிலிருந்து வழுக்கை விழுந்தாற்போலச் செடி கழியும். கருங்கல் இந்தத் தொல்லையை இன்னும் கூட்டுகிறது. மேற்கு வெயில் குடித்த கல் இரவு எட்டு மணிக்குத் தொட்டாலும் சுடும். அதன் மடியில்தான் நாம் செடியை வைத்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் பகலின் நீளம். இதைப் பற்றி நம்மூரில் பேசுவோர் குறைவு. கார்பாட்டிகா நீண்ட பகல் செடி. ஏறக்குறைய 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். தொங்கும் தொட்டியில் வளர்க்கும் ஐசோஃபில்லா வகையும் அப்படியே. கார்பேத்திய மலையில் ஆனி மாதப் பகல் 15, 16 மணி நேரம் நீளும். கோயம்புத்தூர் இருப்பதோ 11 டிகிரி வட அட்சரேகையில். ஆண்டின் மிக நீண்ட பகலே இங்கு பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை எட்டிப்பிடிக்கத் திணறும். ஆக, நிழல்வலை கட்டி, பனிப்புகை அடித்து, எல்லாப் பாடும் பட்டுச் செடியை உயிரோடு காப்பாற்றினாலும் அது இலைக் கொத்தாகவே உட்கார்ந்திருக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவோம். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் செவ்வந்திக்கு இரவில் விளக்குப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். செவ்வந்தி குறும்பகல் செடி. பூப்பதைத் தள்ளிவைக்க அங்கே விளக்கு. கார்பாட்டிகாவுக்கு நேர்மாறாக, பூக்க வைக்க விளக்கு வேண்டும். நடு இரவில் சில மணி நேரம் பல்பு எரியவிட்டால் பூக்கும்தான். வாசல் பாறைத் தோட்டத்துக்கு இரவுதோறும் கரண்ட் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்?

போர்டன்ஷ்லாகியானாவின் கணக்கு வேறு. அதற்கு ஒரு குளிர்காலம் கழிய வேண்டும். குளிர் பட்ட செடிதான் ஒழுங்காகப் பூக்கும். நம் சமவெளி மார்கழியை அது குளிர் என்று ஒப்புக்கொள்ளாது.

மூன்றாவது, ஐப்பசி மழை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மத்தியதரைக்கடல் செடிக்கு மழையும் குளிரும் சேர்ந்து வரும். இங்கே மழையும் புழுக்கமும் சேர்ந்து வருகின்றன. தரையோடு படர்ந்த காம்பானுலாவின் அடித்தண்டைப் பூஞ்சை பிடிக்க இதைவிட நல்ல பருவம் வேண்டியதில்லை. கடலை போட்டவர்களுக்கு இந்த நோயைச் சொல்லித்தர வேண்டாம். தண்டும் மண்ணும் சேரும் இடத்தில் வெள்ளை நூல் பின்னியிருக்கும், அதில் கடுகளவு பழுப்பு மணிகள் ஒட்டியிருக்கும். நிலக்கடலைத் தண்டழுகலுக்குக் காரணமான ஸ்கிளிரோஷியம் பூஞ்சைதான் காம்பானுலாவையும் தாக்குகிறது. முன்பு கடலை போட்ட மண்ணைக் கொண்டுவந்து பாறைத் தோட்டத்துக்குக் கொட்டினால் நோயைக் கூலி கொடுத்து வரவழைத்த கதைதான். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழு உரம் ஓரளவு காக்கும். சூட்டையும் பகல் நீளத்தையும் அதனால் மாற்ற முடியாது.

இவ்வளவு சொல்லியும் ஆசை விடவில்லை என்றால், குளிர்ப் பருவத் தொட்டிச் செடியாக மட்டும் வைத்துப் பார்க்கலாம். மலை நர்சரியில் மொட்டுவிட்ட நிலையில் கிடைத்தால் கார்த்திகைக் கடைசியில் வாங்கி வந்து, தொட்டியோடு கல்லுக்கு நடுவே புதைத்து, மாசி வரை ரசித்துவிட்டுக் கழித்துக்கட்ட வேண்டியதுதான். திருவிழாவுக்குக் கட்டும் தோரணம் போல அதற்கும் ஒரு காலம். அப்படி நினைக்க முடிந்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. வெளிநாட்டு விதைக் கடைகளில் நேரடியாகப் பார்சல் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி விதை இறக்குமதிக்கு அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சான்று இல்லாத உறை சுங்கத்தில் நின்றுவிடலாம்.

மலைக்கு வருவோம். கோயம்புத்தூரில் ஆலையும் கோத்தகிரியில் ஓய்வு வீடும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு உண்டு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். இரவு குளிர்கிறது, மார்கழியில் நன்றாகவே குளிர்கிறது. ஆகவே சூடு என்ற முதல் எதிரி ஒழிந்தது. ஆனால் உயரம் ஏறினாலும் அட்சரேகை ஏறாது. ஊட்டியிலும் பகல் அதே பன்னிரண்டே சொச்சம்தான். எனவே மலையிலும் கார்பாட்டிகாவை நம்பாதீர்கள். குளிரைக் கேட்கும் போர்டன்ஷ்லாகியானாதான் அங்கே சரியான பந்தயம். நீலகிரியில் நல்ல இடம் எது என்று கேட்டால் கோத்தகிரிச் சரிவைச் சொல்வேன். மேற்கே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை நின்று பெய்யும். கல்லிடுக்குச் செடி அழுகிவிடும். கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் ஆனி, ஆடி மழை குறைவு. வடகிழக்கு மழை மட்டும் சற்றுப் பலம். தேயிலைத் தோட்டத்துக் கல்கட்டுச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் பூசாத கட்டில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நாற்றைப் படுக்கைவாட்டில் செருகி, மண் உருண்டையால் அடைத்துவிடுங்கள். செங்குத்தான இடத்தில் அடித்தண்டில் தண்ணீர் நிற்காது. அவ்வளவு மழையிலும் செடி பிழைக்க அது ஒன்றே போதும். மலை மண் அமிலப் பாங்கானது என்பதால் இங்கே மட்டும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடி சேர்க்க வேண்டும். கீழே பழி சுமந்த சுண்ணாம்பு மேலே மருந்தாகிறது.

விதை போடுபவர்கள் கவனிக்க: காம்பானுலா விதை தூசு போன்றது. மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது. வெளிச்சம் பட வேண்டும். ஈரமான சலித்த மண்மீது தூவி, கண்ணாடியால் மூடி, 15 முதல் 20 டிகிரி குளுமையில் வைக்க வேண்டும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊற விடுங்கள். பூவாளியால் தெளித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

வெளிநாட்டு வகைகளையே பேசுகிறோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் நம்முடைய காம்பானுலாவே இருக்கிறது. காம்பானுலா அல்ஃபோன்ஸி என்பது தென் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனம். உயரத்துப் பாறைகளில் வளர்கிறது. அதே குடும்பத்து வாலன்பெர்கியா மலைப் புல்வெளிகளில் மெல்லிய காம்பில் வெளிர்நீலப் பூவோடு நிற்கும். நம் பகல் நீளத்தில் பூத்துப் பழகிய செடிகள் இவை. நியாயமாக, நர்சரிகள் முயன்று பார்க்க வேண்டியவை இவைதான், கார்பாட்டிகா அல்ல. இப்போதைக்கு விற்பனையில் இல்லை. அதற்காகச் சுற்றுலா போகிறவர்கள் பாறையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரக்கூடாது. காப்புக்காட்டில் செடி பெயர்ப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அது வாடிவிடும்.

சமவெளிக்கான மூன்றில் மணி வடிவம் வேண்டும் என்பவர்களுக்கு ருவேலியா. பள்ளிக்கூடச் சுவரோரம், பஸ் நிலையத்துக்குப் பின்புறம், சிமெண்ட் விரிசல் என்று எங்கும் முளைக்கும் பட்டாசுக்காய்ச் செடியைத்தான் சொல்கிறேன். சித்த மருத்துவத்தில் இதற்குக் கிரந்திநாயகம் என்று பெயர். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறிவிட்டது. வாய் விரிந்த புனல் போன்ற ஊதாப் பூ காலையில் மலர்ந்து பிற்பகலில் உதிரும். மண்ணுக்கடியில் விரல் விரலாகத் தடித்த வேர்களில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால், பங்குனி வெயிலில் மேலே எல்லாம் காய்ந்துபோனாலும் முதல் மழைக்குத் தழைத்துவிடும். காய் முற்றிக் கருத்ததும் நுனியில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் ஓரிரு நொடியில் படீரென்று பிளந்து விதையைச் சிதறும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. தோட்டக்காரருக்கு அதுவே வினை. மழைத்துளி பட்டுத் தெறித்த விதை ஈரத்தில் பசைபிடித்துக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டு பாறைத் தோட்டம் முழுவதும் அதன் ஆட்சிதான். கிழங்கு வேரைக் கல்லுக்கடியிலிருந்து பிடுங்குவது லேசான வேலையல்ல.

ஆகவே பட்டாசுக்காயை வேலியோரத்துக்கு அனுப்பிவிட்டு, நர்சரியில் கிடைக்கும் குட்டை ருவேலியாவைக் கல்லருகே வையுங்கள். ஓர் அடிக்கு மேல் போகாது, குத்தாக நிற்கும், பூ அதே ஊதா. வறட்சி தாங்குவதில் பட்டாசுக்காயைவிட ஒருபடி கீழே. கோடையில் வாரம் ஒரு தண்ணீராவது கேட்கும். இதே பெயரில் உயரமான ஒரு வகையும் விற்கிறார்கள். அது வேரோடி வேரோடிப் பரவும் ரகம். வாங்கும்போது கணு இடைவெளியைப் பாருங்கள். இலைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் குட்டை, விரலளவு இடைவெளி விட்டிருந்தால் நெட்டை.

விஷ்ணுகிரந்திக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கவில்லை. கொறங்காடு என்னும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே, ஆட்டுத் தடத்தின் ஓரத்தில், ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத சரளையில் இது படர்ந்திருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். தண்டிலும் இலையிலும் பட்டு நூல் போன்ற மயிர் அடர்ந்து, செடியே சாம்பல் பூசியதுபோல இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பவும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் அந்த மயிர்தான் உதவுகிறது. இலைக்கக்கத்திலிருந்து மயிரிழைக் காம்பு ஒன்று நீளும். அதன் முனையில் சட்டைப் பித்தானைவிடச் சிறிய பூ. நிறம் அசல் நீலம். காம்பானுலாவில்கூட இவ்வளவு சுத்தமான நீலம் அரிது. நடுவில் வெள்ளைப் புள்ளி. வெயில் ஏறும் வரை விரிந்திருந்து, நண்பகலுக்குப் பின் மூடிவிடும். கேரளத்தில் தசபுஷ்பம் என்று போற்றும் பத்துச் செடிகளில் இதுவும் ஒன்று. நம் பக்கம் காய்ச்சல் கஷாயத்தில் சேர்ப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து தாராபுரம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்று, நிமிர்ந்து நிற்கும் செடியை எல்லாம் உலர்த்திவிடும். தரையோடு தரையாகக் கிடக்கும் இதற்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

குறை இல்லாமல் இல்லை. பூ மணி வடிவம் அல்ல, தட்டை. பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. அலுவலகம் போய் மாலையில் திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூவைப் பார்ப்பார்கள். கடும் கோடையில் மேல்பாகம் காய்ந்து, செத்ததுபோலத் தோன்றும். வேலையாள் குப்பை என்று வாரிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணுக்குள் கட்டைபோன்ற வேர் உயிரோடிருக்கும், மழைக்குத் துளிர்க்கும். வளர்ந்த செடியைப் பெயர்த்து நடுவது பெரும்பாலும் தோல்விதான். அந்தக் கட்டைவேர் அறுந்தால் மீளாது. புரட்டாசி மழைக்குப்பின் சொந்தக் காட்டில் முளைத்திருக்கும் இரண்டு விரல் உயர நாற்றைக் கடப்பாரையால் மண்கட்டியோடு எடுக்கலாம். அல்லது மிளகளவு உருண்டைக் காய் பழுப்பாகும்போது பறித்து, உள்ளே இருக்கும் நாலு விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, நேராகக் கல்லிடுக்கிலேயே போட்டுவிடலாம். விதைத்தோல் கெட்டி என்பதால் இந்தத் தேய்ப்பு வேண்டியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது உலர்ந்த சமூலம், அதாவது வேரோடு பிடுங்கிக் காயவைத்த முழுச்செடி. அதை வாங்கி வந்து விதைக்க முயன்று ஏமாற வேண்டாம்.

இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காகவே ஈவால்வுலஸ் இருக்கிறது. அதுவும் விஷ்ணுகிரந்தியின் சொந்தம்தான், தென் அமெரிக்கக் கிளை. நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பூ விஷ்ணுகிரந்தியைப்போல மூன்று மடங்கு பெரிது, பத்தடி தள்ளியும் தெரியும். அதுவும் பிற்பகலில் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் தண்டைக் கிள்ளி நட்டால் வேர்பிடிக்கும். ஒரு செடி வாங்கினால் ஆண்டு முடிவதற்குள் ஒரு வரிசை ஆக்கிவிடலாம். முழு வெயிலில் நன்றாகப் பூக்கும். நிழலில் கொடிபோல இழுத்துக்கொண்டு போகும். வறட்சி தாங்கும் என்றாலும் விஷ்ணுகிரந்தியைப்போலத் தன்னந்தனியாக விட்டுவிட முடியாது. வைகாசி முடியும்வரை வாரம் இருமுறை தண்ணீர் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் நடுவில் கட்டையாகிப்போகும், அப்போது புதுக்குச்சி நட வேண்டும். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் இதற்கும் வேர் அழுகும்.

டேபிள் ரோஸ் பற்றிக் கேட்பீர்கள். வெயிலுக்கு அதைப்போல ஈடுகொடுக்கும் பூ வேறில்லை. ஆனால் நீலம் இல்லை. நீலப்பூவும் சிறு செடியும் என்ற இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. சங்குப்பூ கொடி, கல்லை மூடிவிடும். நித்தியகல்யாணி எங்கும் வரும், அதனாலேயே யாருக்கும் அதன்மேல் ஆசை வருவதில்லை.

எதை வைத்தாலும் பாத்தி அமைப்பில் கவனம் வேண்டும். கல்லை மண்மீது குவித்து வைப்பது பாறைத் தோட்டம் ஆகாது. மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இறங்க வேண்டும்; தலை பின்பக்கம் சாய்ந்திருந்தால் மழைநீர் வேருக்கு ஓடும். முன்பக்கம் சாய்த்தால் வாசலுக்கு ஓடும். அடியில் அரையடி உயரத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி, அதற்குமேல் செம்மண் இரண்டு பங்கு, கிரஷர் சிப்ஸ் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. விஷ்ணுகிரந்திக்கு எருவைப் பாதியாக்குங்கள். கொழுத்தால் பூ குறையும். கட்டட மிச்சமான சிமெண்ட் தூளை மட்டும் கலந்துவிடாதீர்கள், கட்டிதட்டிப்போய் நீர் இறங்காது. சரிவு கிழக்கு நோக்கி இருந்தால் எல்லாச் செடிக்கும் நல்லது. மேற்கு நோக்கிய சரிவு மட்டுமே உள்ளவர்களுக்கு விஷ்ணுகிரந்தியைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன். கல்லின் மேற்குப்புறச் சூட்டை அது ஒன்றுதான் பொருட்படுத்தாது.

இனி ஆளுக்கேற்ற தேர்வு. வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு இந்த ஆண்டே நீலம் தெரிய வேண்டும் என்றால் ஈவால்வுலஸ், யோசிக்க எதுவுமில்லை. பூ மணிபோலத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், சொட்டுநீர்க் குழாய் இழுக்க முடியுமானால், குட்டை ருவேலியா. மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவர், தோட்டத்து வீட்டுக்கு எப்போதாவது வருகிறவர், சரளையும் வெயிலும் தவிர ஒன்றுமில்லாதவர் எல்லோருக்கும் விஷ்ணுகிரந்தி. அதோடு உயரத்துக்கு ஒரு கற்றாழை, ஒரு மருள் வைத்தால் கண்ணுக்கும் நிறைவாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பதும் நல்லதே: நடைபாதை ஓரம் குனிந்து பார்க்கும் தூரத்தில் விஷ்ணுகிரந்தி, சற்றுத் தள்ளி ஈவால்வுலஸ். ஒரே நீலம் அருகில் சிறிதாகவும் தூரத்தில் பெரிதாகவும் தெரிவதால் சின்னப் பாத்தியும் விரிந்து தோன்றும். காம்பானுலாவுக்கு ஒதுக்கிவைத்த பணத்தில் ஒரு மழைநீர்த் தொட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

நடுவதற்கு நல்ல காலம் புரட்டாசிக் கடைசி வாரம். ஆடிக்காற்று ஓய்ந்திருக்கும், அடைமழை இன்னும் பிடித்திருக்காது, வேர் இறங்க ஒரு மாதம் கிடைக்கும். நட்ட நாளிலிருந்து செடி ஒரு சாண் படரும்வரை பாத்திமேல் பழைய மீன்வலையையோ முள்கிளுவைக் கொப்புகளையோ பரப்பி வையுங்கள். இப்போது கொங்கு நாட்டில் வறட்சியைவிட மயில்தான் நாற்றுக்குப் பெரிய எதிரி. விடியற்காலையில் இரண்டு மயில் இறங்கினால் போதும், புதிதாகக் கிளறிய மண்ணைச் சீய்த்து ஒன்றுகூட மிஞ்சாமல் கொத்திப் போட்டுவிடும்.